அ முதல் ஹ வரை

உக்காருங்கண்ணே. பையை நான் மடியில வெச்சுக்கிறேன். திருச்சிதானே? நானும் அங்கதான்.

போன்ல கத்தினேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா வேலையில வெச்சுக்குவாங்களாம். இல்லேன்னா நாளைக்குக் காலைல வந்து, கழுத்துல தொங்குது பாருங்க இந்த அட்டை, இதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகணுமாம். கழட்டிக் குடுக்கிறேன்னுட்டேன். பதினாலு வருஷமாத் தொங்குது, கழுத்துக்கும் ஒரு ஓய்வு வேணாமா. மன்னிப்பு மட்டும் நடக்காது. நான் ஒரு தப்பும் பண்ணலை. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. இப்பத்தான் புதுக்கோட்டை தாண்டியிருக்கோம், நேரம் கிடக்கு.

என் பேரு அறவாழி. இந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கப் போனேன். முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். கடைசிப் பேரு இல்லாட்டி மேல நகராதாம். எனக்கு இருக்கிறதே ஒரு பேருதாண்ணே. அங்க இருந்தவரு என்ன பண்ணாரு, ரெண்டு கட்டத்துலயும் அதையே அடிச்சுட்டாரு. கார்டு வருது, அறவாழி அறவாழின்னு. விடுவேனா நான்? ஏழு தடவை நடந்தேன். கடைசியில மேனேஜர் ரூம்லயே உக்காந்துட்டேன். என் பேரை நான் எப்படி வெச்சிருக்கேனோ அப்படித்தான் உங்க மெஷின் எழுதணும், உங்க மெஷினுக்கு வசதியா நான் பேரை மாத்திக்க முடியாதுன்னேன். மாத்திக் குடுத்தாங்க.

அதனாலதான் பேர் எழுதுற கட்டம்னாலே எனக்கு ஒரு வெறி. தில்லைநகர்ல எங்களுது சின்ன கம்பெனி, மொத்தமே ஆறு பேரு. பள்ளிக்கூடம், டிரஸ்ட் மாதிரி இடங்களுக்கு இணையத்துல விண்ணப்பம் போடுற படிவம் செஞ்சு குடுக்கிறோம். இந்தப் பக்கத்துல ஒரு அறக்கட்டளை நர்ஸிங் பள்ளிக்கூடம் நடத்துது. நாப்பது இடம். அதுக்குப் படிவம் வேணும்னாங்க. எங்க மேனேஜர் வத்சலா மேடம், இங்கிலீஷ்லயே போட்டுடலாம், வம்பில்லைன்னாங்க. நான்தான் மல்லுக்கட்டினேன். வர்ற பிள்ளைங்க தமிழ்ல படிச்சதுங்க, சான்றிதழ்ல பேரு தமிழ்ல இருக்கு, தமிழ்லயே கேப்போம்னேன். பேர்க் கட்டத்துக்கு விதி எழுதுற வேலையை வேற யாரையும் தொட விடலை. நானே எழுதினேன்.

விதின்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்லண்ணே. கட்டத்துல எந்தெந்த எழுத்து வரலாம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கிறது. ஒவ்வொரு எழுத்தா அடுக்க வேண்டியதில்லை. சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ள ஒரு அ, பக்கத்துல ஒரு சின்னக் கோடு, அதுக்குப் பக்கத்துல ஹ. முடிஞ்சுது. அ முதல் ஹ வரைக்கும் எந்த எழுத்து வந்தாலும் உள்ள விடு, மத்ததைத் தடுத்து நிறுத்துன்னு அர்த்தம். யாராவது பேருக்குப் பதிலா போன் நம்பரை அடிச்சா நிறுத்திடும். இங்கிலீஷ்ல அடிச்சாலும் நிறுத்திடும். நிறுத்திட்டு, கட்டத்துக்குக் கீழ செவப்பு எழுத்துல சொல்லும், 'தமிழ் எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்'னு. அந்த வாக்கியமும் நான் எழுதினதுதான்.

உங்க பேரு என்னண்ணே? தங்கராசு. நீங்க அஞ்செழுத்துன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க. கம்ப்யூட்டருக்கு அது எட்டு. த, ங, அது மேல உள்ள புள்ளி தனியா, க, ர, அதோட கால் தனியா, ச, அதோட உகரக் குறி தனியா. வெறும் அ முதல் ஹ வரைன்னு மட்டும் எழுதினவன் கட்டத்துல உங்க பேரு போகாது, புள்ளியையும் காலையும் புடிச்சு வெளிய நிறுத்திடும். நிறைய பேரு அங்கதான் விழுவான். நான் விழலை. கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் சேர்த்தேன். இன்ஷியலுக்குப் பின்னாடி வைக்கிற புள்ளியையும் விட்டேன், நடுவுல இடம் விட்டாலும் பரவாயில்லைன்னேன். சோதிக்காமலும் விடலை. என் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல இருந்த மாமன் மச்சான் பங்காளி அத்தனை பேரையும் ஒவ்வொண்ணா அடிச்சேன். நூத்திப் பன்னெண்டு பேரு. ஒண்ணு விடாம உள்ள போச்சு. இதுக்கு மேல ஒருத்தன் என்ன சோதிப்பான், சொல்லுங்க.

படிவம் பத்து நாள் திறந்திருந்துச்சு. கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. அந்த வாரம் திங்கக்கிழமை, படிவம் திறந்திருக்கும்போதே, ஒரு போன் வந்துச்சு. உதவி எண்ணுன்னு போட்டிருக்கிறது என் மேஜை நம்பர்தான். ஒரு பொண்ணு, கோட்டைப்பட்டினத்துலேர்ந்து. பேரு பஸீலா. சார், பேரை ஏத்துக்க மாட்டேங்குதுன்னா. என்னம்மா அடிக்கிறேன்னு கேட்டேன். முதல்ல ஆய்த எழுத்து, அப்புறம் ப-னா, அப்படியே மிச்சம், அதான் என் சான்றிதழ்ல இருக்குன்னா.

எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, அது போன்ல தப்பா அடிக்குதுன்னு. ஆய்தத்துக்குப் பதிலா மூணு முற்றுப்புள்ளி வெச்சிருக்கும், இல்லாட்டி வேற ஏதோ குறி. சொன்னேன். இல்ல சார், ஆய்தம்தான்னா. அப்ப உன் போன் கோளாறு, வேற போன்ல போடுன்னு வெச்சுட்டேன். வத்சலா மேடம் என்ன விஷயம்னு கேட்டாங்க. நான் வாயால சொல்லலை, எழுத்துல குடுத்தேன். விதியில் பிழை இல்லை, பயன்படுத்துபவரின் பிழைன்னு ஒரு மின்னஞ்சல். நான் எப்பவும் எழுத்துலதான் குடுப்பேன், பின்னாடி யாரும் பேச்சை மாத்திடக் கூடாது பாருங்க.

புதன்கிழமை மறுபடியும் அதே பொண்ணு. அவங்க ஊர்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற கடைக்கே போயிட்டாளாம், அங்கயும் அதே செவப்பு எழுத்தாம். எனக்குக் கோவம். அ முதல் ஹ வரைன்னா அதுல ஆய்தம் இருக்கா இல்லையா? எந்தப் பள்ளிக்கூடத்துல வேணும்னாலும் கேளுங்க. அ, ஆ, இ, ஈ, போயி ஔ, அதுக்கப்புறம் ஆய்தம், அதுக்கப்புறம்தான் க. நடுவுல உக்காந்திருக்கிற எழுத்து எப்படி வெளிய போகும்? அது மட்டுமில்லம்மா, ஆய்தம் ஒரு சொல்லுக்கு முதல்ல வராது, இலக்கணத்துலயே கிடையாது, எஃகு, அஃது மாதிரி நடுவுலதான் வரும்னேன். அந்தப் பொண்ணு கேக்குது, "அப்ப எஃகுன்னு அடிச்சுப் பாத்தீங்களா சார், அதை உள்ள விடுதா?"

எனக்கே பாடம் எடுக்குது பாருங்க. அதெல்லாம் பாக்கத் தேவையில்லைன்னு சொல்லிட்டேன். பாக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணி இருக்கும். மூணாவது தடவை. இந்தத் தடவை கூடக் கொஞ்சம் சொன்னா. அம்மாவுக்கு இடுப்புல அடிபட்டு ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தாங்களாம், இவதான் வீட்டோட இருந்து குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண்ணு வராமப் பாத்திருக்கா. இப்பத்தான் எழுந்து நடக்கிறாங்க. அந்த ரெண்டு வருஷத்துல வயசு ஓடிப்போச்சு. இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு வயசு வரம்பு இருக்கு, அடுத்த வருஷம் இவ தாண்டிடுவா. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான் சார்னா. வயசு வரம்பு நான் போட்டதில்லைண்ணே, அது அறக்கட்டளையோட விதி.

எனக்கு மனசு இல்லாம இல்லை. அதனாலதான் வழி சொன்னேன். முதல் எழுத்தை விட்டுட்டு, வெறும் ப போட்டு அனுப்பிடும்மான்னேன். அதுக்கு அவ, கட்டத்துக்குக் கீழ இன்னொரு வரி இருக்கே சார்னு படிச்சுக் காட்டுறா. 'சான்றிதழில் உள்ளவாறே எழுத்து மாறாமல் எழுதவும். மாறியிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.' அதுவும் நான் எழுதினதுதான், என்ன பண்றது. அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, ஒரு எழுத்துதானே, போட்டுடுன்னேன்.

"அது எழுத்து இல்ல சார், என் பேரு. நான் என் பேரைத் தப்பா எழுத மாட்டேன். நீங்க உங்க கட்டத்தைத் திருத்துங்க."

இதான் அவ சொன்னது. வெச்சுட்டா. எப்படிப் பேசுது பாருங்க, இருபத்தி ரெண்டு வயசுப் பொண்ணு. அப்படி என்ன பிடிவாதம்? அன்னைக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு ஆறலை. என் விதியைத் திருத்தச் சொல்ல இவ யாருன்னு இருந்துச்சு.

அதனால சனிக்கிழமை லீவு நாள்லயும் ஆபீஸுக்குப் போனேன். அந்தப் பொண்ணு தப்பா அடிச்சதைக் கையும் களவுமாப் புடிக்கத்தான் போனேன், வேற எதுக்கும் இல்லை. கட்டம் திருப்பி அனுப்புற ஒவ்வொண்ணையும் எங்க சர்வர் ஒரு பதிவுல எழுதி வெச்சுக்கும். யாரு, எத்தனை மணிக்கு, என்ன அடிச்சாங்க, எல்லாம். திறந்தேன். வரிசையா வருது. பாத்திமா, ஜோசப், யூசுப், ஸ்டெபி, அஷ்ரப், இன்னொரு பாத்திமா. எல்லாத்துலயும் அந்த மூணு புள்ளி. சரியான புள்ளி. முப்பத்தொரு பேரு. ஒவ்வொருத்தரும் ஒரு தடவை அடிச்சு, ரெண்டு தடவை அடிச்சு, செவப்பு எழுத்தைப் பாத்துட்டு, மூணாவது தடவை புள்ளியை எடுத்துட்டு உள்ள போயிருக்காங்க. முப்பது பேரு அப்படிப் போயிருக்காங்க. பஸீலா போகலை. அவ பேரு இருபத்தி மூணு தடவை இருக்கு, இருபத்தி மூணும் ஒரே மாதிரி, ஒரு புள்ளி கூட மாறலை. கடைசி வரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு அம்பத்தெட்டு. அஞ்சு மணிக்குப் படிவம் மூடிடுச்சு.

அப்புறம்தான் நான் கட்டத்துல எஃகுன்னு அடிச்சேன். செவப்பு.

எஃகுண்ணே. சுத்தத் தமிழ். அதைப் பாத்து 'தமிழ் எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்'னு என் கட்டம் எனக்கே சொல்லுது.

தப்பு எங்கன்னு தேடினேன். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணு உண்டு. அ-வுக்கு 2949, ஹ-வுக்கு 3001. ஆய்தத்துக்கு என்ன தெரியுமா? 2947. அ-வுக்கும் முன்னாடி கொண்டுபோய் வெச்சிருக்காங்க. ஔ-வுக்கு அப்புறம் உக்கார வேண்டியதை வாசலுக்கு வெளிய உக்கார வெச்சது நானா? எவனோ எங்கயோ போட்ட வரிசை. தமிழ் தெரியாதவனா இருந்தா அட்டவணையைப் பாத்து எழுதியிருப்பான், தப்பாம இருந்திருக்கும். எனக்குத் தமிழ் தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சு. இதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? விதியில அந்த ஒரு எழுத்தைச் சேர்த்தேன். ஒரே ஒரு எழுத்து. அரை நிமிஷம் ஆகலை.

வத்சலா மேடத்துக்குப் போன் போட்டேன். அவங்க நிதானமாப் பேசினாங்க. படிவம் மூடியாச்சு, அறக்கட்டளையிலேர்ந்து புகார் எதுவும் வரலை, இப்பப் போயி நாமளே கிளறணுமா, நீங்கதானே பிழை இல்லைன்னு எழுத்துல குடுத்தீங்கன்னாங்க. எழுத்துல குடுத்தது எனக்கே வினையாப் போச்சு. ஒரு பொண்ணுதானே அறவாழின்னாங்க. ஒரு பொண்ணுதான், அதான் மேடம் விஷயமேன்னேன். மத்த முப்பது பேருக்கும் விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு. வளைஞ்சு குடுத்ததுங்க எல்லாம் உள்ள இருக்கு. வளையாதவ விண்ணப்பம் போட்டதுக்கே அத்தாட்சி கிடையாது. நாங்க திருப்பி அனுப்பின அந்த இருபத்தி மூணு வரிதான் அவ விண்ணப்பம். அதை அச்செடுத்து அறக்கட்டளையில குடுக்கப் போறேன்னேன். ஆபீஸ் பதிவை வெளிய எடுத்தா வேலை போயிடும்னாங்க. எடுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை சான்றிதழோட அங்க வந்துடும்மான்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, கட்டம் சரியாயிடுச்சா சார்னு. சரியாயிடுச்சு, நீ வான்னேன்.

இன்னைக்குத்தான் அது. அறக்கட்டளைச் செயலாளர் மெய்யப்பன் ஐயான்னு ஒருத்தரு, வயசானவரு, வெள்ளை வேட்டி சட்டை. அந்தத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சாரு. இருபத்தி மூணையும் படிச்சாருண்ணே, நடுவுல விடலை. அப்புறம் அவரோட கம்ப்யூட்டர்லேர்ந்தே படிவத்தை ஒரு மணி நேரத்துக்குத் திறந்தாரு, திறக்கவும் மூடவும் அறக்கட்டளைக்கும் அனுமதி உண்டு. பஸீலா உக்காந்தா, பக்கத்துல அவங்க அம்மா நின்னாங்க, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு. பேரை அடிச்சா.

செவப்பு.

மேடம் காலைலயே பழைய விதியைத் திரும்பப் போட்டு, என் கடவுச்சொல்லையும் புடுங்கிட்டாங்க. அனுமதி இல்லாம மாத்தினதாம். என் போன்ல திறந்து பாக்கிறேன், உள்ள விட மாட்டேங்குது. நான் கட்டின வீட்டுக்கு நானே வெளிய நிக்கிறேன். அந்தப் பொண்ணு என்னை ஏறெடுத்துக் கூடப் பாக்கலை. திரையையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு அவமானம்னா அப்படி ஒரு அவமானம்.

மெய்யப்பன் ஐயா நல்ல மனுஷன். அன்பாத்தான் சொன்னாரு. "இப்போதைக்குப் ப-னாவே போட்டுடும்மா. இடம் கிடைக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்." அவங்க அம்மாவும், போட்டுடு புள்ள, ஒரு எழுத்துதானேன்னாங்க. அப்பத்தான் அவ திரும்பி என்னைப் பாத்தா. நானும் வெள்ளிக்கிழமை அதே வார்த்தையைத்தானே சொன்னேன், ஒரு எழுத்துதானேன்னு. அவ விரலு ப மேல இருக்கு. மூணு நாளாத் தூங்காத மூஞ்சி. அழுத்திடுவான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு தூரம் வந்து, இப்ப அழுத்திடுவா.

"போடாதம்மா," ன்னேன்.

என் வாய்லேர்ந்துதான் வந்துச்சு. எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. மெய்யப்பன் ஐயா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு, யாரு தம்பி இந்த விதியை எழுதினதுன்னு. நான் அந்த எண்ணு கதையெல்லாம் சொல்லியிருக்கலாம். 2947, 2949, எல்லாம் நுனி நாக்குலதான் இருந்துச்சு.

"நான்தாங்க," ன்னேன்.

அவ்வளவுதான். அவரு மேஜை டிராயரைத் திறந்து ஒரு முழு நீள வெள்ளைத் தாளை எடுத்தாரு. கட்டமே வேணாம், கையால எழுதும்மான்னாரு. அவ பேனாவை வாங்கி, முதல்ல அந்த மூணு புள்ளியை வெச்சா. ஒவ்வொண்ணையும் அழுத்தி, தாளு கிழிஞ்சிடும் போல. அப்புறம்தான் மிச்சப் பேரு. அவரு கீழ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அறுநூத்திப் பதினாலுன்னு எண்ணும் குடுத்துட்டாரு. வியாழக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லிட்டாரு. மத்த முப்பது பேரையும் சான்றிதழோட பேரு பொருந்தலைன்னு தள்ளக் கூடாதுன்னேன். தள்ள மாட்டேன்னு அதையும் அந்தத் தாளோட பின்னாடி எழுதி வெச்சுக்கிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுண்ணே, பொய் சொல்லலை. வேலை போனதுக்கு இல்லை.

நாளைக்கு அட்டையைக் குடுத்துடுவேன். மன்னிப்புக் கடிதம் மட்டும் கிடையாது. அந்தப் பொண்ணுகிட்டயே நான் மன்னிப்புக் கேக்கலை, இவங்ககிட்ட கேக்கப் போறேனா?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூணு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். அவங்க பஸ் வர நேரம் ஆச்சு. வியாழக்கிழமை நல்லா பதில் சொல்லு பஸீலா, பயப்படாதேன்னு தைரியம் சொன்னேன். அவ சொன்னா, "சார், தப்பா நினைக்காதீங்க. என் பேரு பஸீலா இல்ல. ஃபஸீலா."

நானும் அதைத்தானேம்மா சொல்றேன்னேன். இல்ல சார்னா. மேல் பல்லு கீழ் உதட்டுல படணுமாம், காத்து வெளிய வரணுமாம். செஞ்சு காட்டினா. நானும் சொன்னேன். அவங்க அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க சார்னா. சொன்னேன். இன்னொரு தடவைன்னா. பஸ் வந்து, ஏறி, ஜன்னல்லேர்ந்தும் சொல்லிக் காட்டிக்கிட்டே போறா.

நீங்க சொல்லுங்கண்ணே, உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது. பல்லு உதட்டுல படுதா, பாருங்க. பஸீலா. சரியாத்தானே சொல்றேன்?